பதினாலரை கிலோ காற்று

தராசு மூன்று கிலோ என்றது.
ஜெயசீலி அதை நம்பவில்லை.
டேப்பை இழுத்தாள்.
நீளம் அறுபத்தைந்து, அகலம் நாற்பத்தைந்து,
உயரம் முப்பது.
பெருக்கி, ஐயாயிரத்தால் வகுத்தாள்.
"பதினேழரை வருதுண்ணா."

உள்ளே இருப்பது
ரெண்டு இலவம்பஞ்சுத் தலையணை.
லாரன்ஸ் ரோட்டில் பதினெட்டு வருஷமாக விற்கிறேன்.
சைக்கிள் கேரியரில் கட்டிப் போயிருக்கிறார்கள்,
பஸ் கூரையில் போட்டுப் போயிருக்கிறார்கள்.
காற்றுக்குத் தனியாகக் காசு
கண்டக்டர்கூடக் கேட்டதில்லை.

தலையணை ரெண்டும் ஆயிரத்து முந்நூறு.
அனுப்ப, பதிமூவாயிரத்து ஐந்நூறு.

பிராம்ப்டனில் அமுதவல்லி,
செம்மண்டலத்துக்காரர்,
நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருந்தபடி பேசினார்:
"இங்க எல்லாம் ஸ்பான்ஞ்சுங்க.
தலைய வச்சா யாரோ எழுந்திருன்னு தள்ற மாதிரி இருக்கு.
கழுத்து திரும்பல.
எப்படியாச்சும் சின்னதாக்கி அனுப்புங்க."

எப்படியாச்சும்.

படிவம் வேறு கேட்டது:
தாவர விதை ஏதும் உண்டா?
தையலைப் பிரித்து ராத்திரி உட்கார்ந்தேன்.
மிளகு மாதிரி, கறுப்பாக,
நாற்பத்தொன்று பொறுக்கினேன்.
நாற்பத்திரண்டாவது இருந்தால்
அது என் கண்ணின் குற்றம்.

மச்சினன் வீட்டு வேக்குவம் கிளீனர்,
கம்பளி வைக்கும் பிளாஸ்டிக் உறை.
பொத்தானை அமுக்கியதும் தலையணை முனகியது,
விலா ஒடுங்கியது,
பொரிக்காத அப்பளமாகிப் படுத்தது.
வெளியே போனதெல்லாம் கடலூர்க் காற்று:
துறைமுகத்துக் கருவாடு,
எதிர்க்கடை பஜ்ஜி எண்ணெய்,
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பும்
ராத்திரிகளின் புளித்த நெடி.

மூன்றேகால் கிலோ.
ஜெயசீலி முதல்முறையாகச் சிரித்தாள்.

"பரிசுன்னு எழுதிடுங்க,
விலை பத்து டாலர் போதும்"
என்றிருந்தார் அமுதவல்லி.
பேனா நின்றது.
கடன் சொல்லிப் போனவனுக்கும் பில் போட்டவன் நான்.
ஓரத்தில் நீலப் பைப்பிங் வைத்ததற்கு
நூறு ரூபாய் கூடுதல் வாங்கியவன்.
விற்பனை என்றே எழுதினேன்.
ஆயிரத்து முந்நூறு என்றே எழுதினேன்.

பிறகு மூன்று வாரம்
செல்போனில் ஒரே சொல்: சுங்கத்தில்.
காலை டீக்குச் சுங்கத்தில்.
கடை மூடும்போதும் சுங்கத்தில்.
இலவு காத்த கிளியைப் பள்ளியில் படித்தபோது
காத்திருந்தது கிளி மட்டும்தான் என்று நினைத்தேன்.
மரமும்தான் போல.

ஒரு விடியற்காலை ரசீதைப் படம் பிடித்து அனுப்பினார்.
வரி ஆறு டாலர்.
அந்த ஆறை அவருக்குப் பதிலாகக்
கட்டியதற்குக் கூலி பதினாறு.
கீழே அவரே தட்டச்சியிருந்தார்:
'இருபது டாலர் வரைக்கும் வரி இல்லையாம்.
நம்மது இருபத்தொண்ணு.'

நீலப் பைப்பிங்.
அந்த நூறு ரூபாயை எடுத்துப் பார்க்க
கல்லாவைத் திறந்தேன்.
எந்த நூறு அது என்று தெரியவில்லை.

அடுத்த படத்தில்
உறையைக் கிழித்துக் கட்டில்மேல் வைத்திருந்தார்.
அப்பளம் அப்பளமாகவே இருந்தது.
'ரெண்டு நாள் நல்ல வெயில்ல போடுங்க, எழும்பிடும்'
என்று அனுப்பிவிட்டு,
தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி ஒன்பது.
அவர் பதிலுக்கு ஜன்னலை மட்டும் அனுப்பினார்.
வெள்ளையாக இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

இங்கே பதினோரு மணி.
லாரன்ஸ் ரோடு முழுக்க
அளக்க ஆளில்லாமல் அடிக்கிறது வெயில்.
ஜெயசீலியிடம் சொன்னேன்.
"அதுக்கு நீளம் அகலம் எங்கேருந்துண்ணா எடுக்கிறது?"
என்று அடுத்த பார்சலுக்குத் திரும்பிவிட்டாள்.

இருபத்திரண்டு டாலரை நான் திருப்பித் தருவதாகச் சொன்னதற்கு
நாலு நாள் பதிலில்லை.
ஐந்தாம் நாள் குரல்,
பஸ் சத்தத்தோடு:

"ஹீட்டர் மேல வச்சிருந்தேங்க.
ஒரு விரக்கடை எழும்பிச்சு.
நேத்து தூங்கிட்டேன்.
கொஞ்சம் கருவாட்டு வாசனை வருது.
இருக்கட்டும்."